கொழுந்தனுக்குத் திருடன் தேடிப் போன கதை

வீட்டில் ஒருத்தன் பெரிய படிப்புப் படித்தால் அவனைவிட, படிக்காத மற்றவர்களுக்குத்தான் தலைக்கனம் அதிகம் வரும். எனக்கு வந்தது கொஞ்சநஞ்சமில்லை.

என் கொழுந்தன் தனபால் மெட்ராஸில் எம்.ஏ. படித்தான். என்ன படிப்பு என்றால், "குற்றவியல் மதினி. மனுசன் ஏன் திருடுறான்னு ஆராய்ச்சி" என்பான். (எங்கள் மாமியார் உயிரோடு இருந்திருந்தால் அதை 'கை அரிப்பு' என்று ரெண்டே வார்த்தையில் சொல்லியிருப்பார். அதற்கு எதற்குக் கப்பலேறிப் போனான் என்று நானும் நினைத்ததுண்டு.) ஆனால் எங்கள் தீவில் ஷாதிபூர் பூராவும், "போலீஸ் ஆபீசருக்கே பாடம் நடத்தப் போறான்" என்று சொல்லி வைத்தவள் நான்தான்.

கடைசி வருஷ லீவுக்கு வந்தவன் முகம் சுண்டிக் கிடந்தது. திருடினவர்கள் பத்துப் பேரிடமாவது நேரில் பேசி எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷம். பெண் வீட்டுக்காரர்களோ, பட்டம் வாங்கினால்தான் தாலி என்று சொல்லிவிட்டார்கள். ஜெயிலுக்குள் போக மனுப் போட்டான், பதிலே இல்லை. வெளியே தேடினால் திருடனே இல்லை. எப்படி இருப்பான்? அப்போது யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை. திருடினால் எங்கே ஓடுவது, சுற்றிக் கடல். அடுத்த கப்பல் வருகிற வரைக்கும் திருடனும் பறிகொடுத்தவனும் ஒரே கப்பல்துறையில் நிற்க வேண்டியதுதான்.

"நான் படிச்ச படிப்புக்கு இந்த ஊரு லாயக்கில்ல மதினி" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலையில் வீடு வீடாகக் கிளம்பிவிட்டேன். "ஆப் கே கர் மே கோயி சோர் ஹை?" (உங்கள் வீட்டில் திருடன் யாராவது உண்டா?) என்று எனக்குத் தெரிந்த இந்தியில் மரியாதையாகத்தான் கேட்டேன். தெலுங்குக்கார அம்மா துடைப்பத்தைத் தேடினாள். பிறகு விவரமாகச் சொன்னேன்: போலீஸ் இல்லை, பேர் எழுத மாட்டான், பையன் படிப்புக்காக. வந்து சொன்னால் மெயின்லேண்டிலிருந்து வந்த காப்பித்தூளில் காப்பி. "எங்க வீட்ல இதுவரைக்கும் ஒரு ஊசி போனதில்ல. உங்களுக்கெல்லாம் அனுபவம் இருக்கும்ல" என்றும் சேர்த்துச் சொன்னேன். (வாய் சும்மா இருக்காது.)

மத்தியானம் முதலில் வந்தது பக்கத்து வீட்டு வங்காளி அக்கா. பௌதி என்று கூப்பிடுவோம். காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு இந்தியில் ஆரம்பித்தாள். "உங்க கருப்புக் கோழி காணாமப் போச்சே, அது நான்தான்."

"அதப் பருந்து தூக்கிட்டுப் போச்சு" என்றேன்.

"பருந்து இல்ல. மக பிறந்தநாளுக்குக் குழம்பு குடுத்தனுப்புனேன்ல? ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டீங்க. வங்காளிக் கைமணமே தனின்னு சொன்னீங்க."

நான் எழுந்த வேகத்தைப் பார்த்துத் தனபால் குறுக்கே வந்தான். "கோவப்படக் கூடாது மதினி. கோவப்பட்டா அடுத்தவங்க உண்மை சொல்ல மாட்டாங்க. அவங்களுக்கு இன்னொரு காப்பி குடுங்க."

கொடுத்தேன்.

அடுத்து மலையாளத்து ஆசாரி குஞ்ஞப்பன். "சேச்சி, கொல்லையில கிடந்த படாக் மரப் பலகை..."

"அது மழையில அடிச்சிட்டுப் போச்சே?"

"இல்ல சேச்சி. இப்ப நீங்க உக்காந்திருக்கிறதுதான்."

வீடு புகுந்தபோது அவர் அன்பளிப்பாகக் கொடுத்த முக்காலி. நான் மரியாதையாக எழுந்து நின்றேன். (அப்புறம் என் பலகைதானே என்று உட்கார்ந்துவிட்டேன்.)

மீன் பிடிக்கிற சூசை வந்தான். "ஒங்க துணிக்கொடிக் கயிறு எம் படகுல இருக்குக்கா. அவுத்தா படகு போயிரும், அதான் திருப்பிக் குடுக்கல."

இப்படி ஒன்பது பேர். ஒன்பதும் என் வீட்டுச் சாமான்.

"ஏன், ஊர்ல வேற வீடே இல்லையா?" என்று கேட்டேவிட்டேன்.

பௌதிதான் நிதானமாகச் சொன்னாள். "எல்லா வீட்லயும் ஆள் இருக்கு. நீங்க கொழுந்தன் பெருமை பேச வெளிய போனா பொழுது சாஞ்சுதானே திரும்புறீங்க."

தனபால் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "காரணம் கிடைச்சிருச்சு மதினி" என்று வேகவேகமாக எழுதினான். இன்னும் ஒரே ஒரு ஆள்தான் வேண்டும். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பௌதி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"உங்களுக்கும் காப்பியா?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "தம்பி, பேர் போட மாட்டேல்ல? அந்த ஆவக்காய் ஜாடிய எலி உருட்டல."

தனபால் பாஸானான். கல்யாணத்துக்கு அவன் வாத்தியார் வந்திருந்தார். "பத்துக் கேஸும் ஒரே வீடாமே, அந்த அம்மா யாரு?" என்று கேட்டு என்னைத் தேடி வந்தார். பட்டுச்சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்துதான் நின்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க மட்டும் வீட்லயே இருந்திருந்தா இவனுக்குப் பட்டமும் இல்ல, கல்யாணமும் இல்லம்மா" என்றார். பந்தலே சிரித்தது.

இன்றைக்கும் நான் பக்கத்து வீட்டுக்குப் போகச் செருப்பை மாட்டினால், மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

"என்ன அத்த, இன்னிக்கு யாரப் பாஸ் பண்ண வைக்கப் போறீங்க?"