முதல் வரிசையில் கண்டக்டர்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். உன் மூட்டுவலி இறங்கியதா, மாத்திரையை வேளைக்குப் போடுகிறாயா என்றெல்லாம் முறைப்படி விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். விசாரித்தாகிவிட்டது. சனிக்கிழமை நடந்த நம் பெண்ணின் கச்சேரியைப் பற்றி அத்தான் உன்னிடம் ஒரு கதை சொல்லியிருப்பார். அது கதைதான். நடந்தது வேறு. அதை வரிசையாகச் சொன்னால்தான் உனக்குப் புரியும், அதனால் தயவுசெய்து கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதே. உன் குணம் எனக்குத் தெரியும்.

"பியானோ கத்துக்கிட்டு என்னடா செய்யப்போறா, அதை வைக்க உன் வீட்டுல இடம் இருக்கா" என்று பதினைந்து வருஷத்துக்கு முன் நீ கேட்டாய். இடம் இல்லைதான். ஒரு டாக்டர் வீட்டில் நான் ஏணியில் நின்று திரை மாட்டிக்கொண்டிருந்தபோது, ஏழு வயசில் இவள் கீழே உட்கார்ந்து, டாக்டர் மகள் தப்பாக வாசித்ததைச் சரியாக வாசித்துக் காட்டி, எனக்கு அந்த வீட்டு வேலையே இல்லாமல் பண்ணினாளே, அன்றைக்கு ஆரம்பித்தது. பிறகு பள்ளிக்கூடத்துப் பழைய பியானோவில் இரண்டு கட்டைகள் ஊமை, அந்த இரண்டு சுரம் வரும் இடத்தில் இவளே வாயால் பாடிக்கொள்வாள், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. போட்டிகளில் இரண்டு தடவை இரண்டாம் பரிசு, ஒரு தடவை முதல் பரிசு, தினமும் காலையில் நடனப் பள்ளியில் குட்டிப் பெண்கள் காலைத் தூக்க இவள் வாசிக்க வேண்டும், இருபத்திரண்டு வயசுக்குள் இவ்வளவும் ஆகி, இப்போதுதான் தனியாக ஒரு கச்சேரி. முழுக்க இரவைப் பற்றிய இசை. அந்தி சாய்வதில் தொடங்கி விடியல் வரை எட்டு உருப்படிகள், எல்லாம் மேல்நாட்டு மேதைகள் எழுதியது, ஒன்றுக்கும் எனக்குப் பெயர் சொல்ல வராது.

"அப்பா, பெரிய இசைக்குழுவுல இருந்து வந்து கேக்கப்போறாங்க. பிடிச்சுதுன்னா அடுத்த வருஷம் அவங்களோட சேர்ந்து நான் வாசிக்கலாம். பிடிக்கலன்னா இன்னும் பத்து வருஷம் அந்தக் குட்டிப் பசங்க காலைத் தூக்கறதுக்குத்தான்" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், நான்தான் அன்றைக்கு ஒரே துணியை மூன்று தடவை அளந்தேன். இதில் ஒரு சங்கடம், இரவு இசைக்கு நூலக மண்டபம் கிடைத்தது காலை பதினோரு மணிக்கு. பதினோரு ஜன்னல், ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம், வெயில் அப்படியே வந்து மேடையில் உட்காருகிறது. பெண் முகம் வாடிப்போச்சு. நான் விடுவேனா? இருபத்தெட்டு வருஷமாகத் திரை தைக்கிறவன். "ராத்திரியை நான் தச்சுத் தரேன், நீ வாசிக்கிறதைப் பாரு" என்று சொல்லிவிட்டு, கனமான கறுப்புத் துணியில் மூன்று மடிப்பு உள்துணி வைத்துப் பன்னிரண்டு நாள் தைத்தேன். மாட்டி முடித்தபோது என் கை எனக்கே தெரியவில்லை, நூலகர் ஒரு நாற்காலியில் இடித்துக்கொண்டு என்னைத் திட்டினார், எனக்கு அது பாராட்டாகவே பட்டது.

முதல் நாள் மாலை பெண் சொன்னாள், "அப்பா, கண்டக்டர் வருவாங்க. முதல் வரிசை நடுவுல ஒரு இடம் வச்சிடுங்க, வேற யாரையும் உக்கார விட்டுடாதீங்க." நீயே சொல்லு அக்கா. முப்பது வருஷம் பஸ்ஸில் சீட்டுக் கிழித்து ஓய்வு பெற்ற அத்தானைத் தவிர, நம் வீட்டில் கண்டக்டர் என்றால் வேறு யாரு? வருவாங்க என்று மரியாதையாகத்தானே சொன்னாள், ஆணா பெண்ணா என்று அதில் எங்கே இருக்கிறது? மாமா மேல் பெண்ணுக்கு எவ்வளவு பிரியம் பார் என்று எனக்குக் கண் கலங்கிப்போச்சு. காலையில் அத்தான் வந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நட்டநடு நாற்காலியில் உட்கார வைத்தேன். இசைக்குழு ஆள் யாரோ கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வருவார், அவரே இடம் பார்த்து உட்காருவார் என்று விட்டுவிட்டேன்.

பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது மேடைக்குப் பக்கத்து ஜன்னலில் கம்பியைத் தாங்கின திருகு இரண்டு பக்கமும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. மண்டபத்தில் பட்டப்பகல். நான் ஓடிப்போய் ஒரு முனையைக் கயிற்றால் இழுத்துப் பிடித்தேன், மறுமுனைக்கு ஆள் இல்லை. அப்போது பார்த்து நரைத்த முடியும் துணிப்பையுமாக ஓர் அம்மாள் வந்து, "முன்னாடி எனக்கு இடம் வச்சிருக்கறதா சொன்னாங்க" என்றார்.

"முன்னாடி இடம் கண்டக்டருக்கும்மா. நீங்க இந்தக் கயிறைக் கொஞ்சம் பிடிங்க."

"நான்தான்…"

"அப்புறம் பேசிக்கலாம்மா, பொண்ணு ஆரம்பிக்கப்போறா. இறுக்கிப் பிடிங்க, தளர விட்டா விடிஞ்சிடும்."

அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார், பையைக் கீழே வைத்தார், இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தார். ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் அக்கா. உட்காரவில்லை. எனக்கே தோள் இற்றுப்போச்சு.

பியானோ மேல் ஒரே ஒரு சின்ன விளக்கு. பெண்ணின் விரல்கள் மட்டும் தெரிந்தன. எனக்கு இசை தெரியாது, ஆனால் ஊர் அடங்கி, கடைசி வீட்டு விளக்கும் அணைந்து, தனக்கு மட்டும் தூக்கம் வராதவன் ஜன்னலோரம் நிற்கிற மாதிரி ஒரு வாசிப்பு. மூன்றாவது முடிந்து அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அது வேண்டுமென்றே விடுகிற மௌனமாம். அத்தானுக்கு அது எப்படித் தெரியும்? வண்டி நின்றுவிட்டது என்று நினைத்து, முப்பது வருஷப் பழக்கத்தில், இருட்டுக்குள்ளிருந்து கணீரென்று, "போலாம் ரைட்!" என்றார். மண்டபமே குலுங்கிச் சிரித்தது. எனக்கு உயிரே போய்விட்டது, தீர்ந்தது, இனிமேல் நடனப் பள்ளிதான் என்று நினைத்தேன். பெண்ணும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நாலாவதை எடுத்தாள் பார், அதுவரைக்கும் பயந்து பயந்து வாசித்திருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி "இங்க கண்டக்டர் யாரு?" என்று கேட்க, நான்தான், நானேதான் அக்கா, அத்தானைக் கைகாட்டினேன். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நேரத்துக்கு எடுத்தா, நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தா. வழியில ஒரு குலுக்கல் கிடையாது. ஏறினவங்க ஒருத்தரும் பாதியில இறங்கல" என்றார். மறுநாள் பேப்பரில் அதை அப்படியே கட்டம் கட்டிப் போட்டுவிட்டார்கள், நகரின் இசை ரசனைக்கே இது புதுப் பார்வையாம்.

கயிறு பிடித்த அம்மாள் விரலை நீவிக்கொண்டே, "கைதட்டணும்னு இருந்தது, உங்க கயிறு விடல" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் பின்னால் போனார். அப்போது நூலகர் வந்து என் காதில், "யாருன்னு தெரியுமாய்யா? எழுபது பேர் வாசிக்கிற இசைக்குழுவை அந்த அம்மாதான் கோலைப் பிடிச்சு நடத்துறாங்க. அவங்கதான் கண்டக்டர்" என்றார். நான் கழன்று விழுந்த திரை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பெண்ணிடம் வாயைத் திறக்கவில்லை.

இன்றைக்குக் காலையில் கடிதம் வந்தது. எடுத்துவிட்டார்கள் அக்கா. நம் பெண்ணை எடுத்துவிட்டார்கள். அடுத்த பருவத்தில் நடுவில் பியானோ, சுற்றி எழுபது பேர். நான் கடையில் அளவு எடுக்க வந்தவரைக் கட்டிப் பிடித்துவிட்டேன், அவர் பயந்துபோய்த் துணி வாங்காமலே போய்விட்டார்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கயிறு விஷயம் நமக்குள் இருக்கட்டும். அந்த அம்மாள் முதல் வரிசையில் சுகமாக உட்கார்ந்து கேட்டார் என்றே பெண் நினைத்துக்கொண்டிருக்கிறாள். தெரிந்தால் அப்பா இப்படி மானத்தை வாங்கிவிட்டாரே என்று துடித்துப்போவாள். அத்தானிடமும் மூச்சு விடாதே. உன் காலுக்கு ஓய்வு கொடு, அத்தானுக்கு என் வணக்கம், உங்கள் இருவர் ஆசியும் பெண்ணுக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
சந்தோஷத்தில் என்ன எழுதினேன் என்றே தெரியாத உன் தம்பி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் பசை தேடப் போனேன், வருவதற்குள் பெண் முழுதும் படித்துவிட்டாள். துடிக்கவில்லை. "அப்பா, முதல் உருப்படியிலேயே உங்க பக்கம் திரை கொஞ்சம் விலகிச்சு. அவங்க கயிறோட நிக்கிறதைப் பார்த்துட்டேன்" என்றாள். "பார்த்தியா? அப்புறம் ஏம்மா நிறுத்தல?" என்றேன். "நிறுத்தினா நீங்க விஷயம் தெரிஞ்சு எல்லார் முன்னாடியும் அவங்க கால்ல விழுந்திருப்பீங்க. என் வாய்ப்பு போனா போகட்டும், உங்களை யாரும் பார்த்துச் சிரிக்கக் கூடாதுன்னுதான் வாசிச்சுக்கிட்டே இருந்தேன்." இத்தனை வருஷமாக நான்தான் இவளைத் தாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அக்கா. நமக்குள் இருக்கட்டும் என்று மேலே எழுதியதை அடித்துவிடு. எல்லாரிடமும் சொல்.