அடைபட்ட கானும் அடியேனின் வயிறும்

நடைமுறை தெரிந்தவனுக்கு அவமானம் வந்தால் அதுவும் முறைப்படிதான் வரும்: அறிவித்தல் கொடுத்து, சாட்சி வைத்து, கையொப்பம் வாங்கிக்கொண்டு. ஊரில் மற்றவர்கள் சேற்றில் சும்மா வழுக்கி விழுவார்கள். நான் பிரிவு, உபபிரிவு எல்லாம் பார்த்து, மேலதிகாரியின் முன்னிலையில் விழுந்தவன். விழுந்தும் கடைசியில் வென்றவன் நான்தான் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். (இந்த இடத்தில் என் மனைவி பூமணி ஓர் இருமல் இருமுவாள். வாசகர்கள் பொருட்படுத்த வேண்டாம்.)

அறுபதுகளின் தொடக்கம். திருகோணமலைத் துறைமுகப் பகுதிக்கு நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். காக்கிக் கால்சட்டை, தொப்பி, சைக்கிள், இவற்றோடு வயதுக்கு மீறிய ஒரு வயிறும் இருந்தது. வயிறு இல்லாத உத்தியோகத்தனை அந்தக் காலத்தில் யாரும் மதிப்பதில்லை. தற்காலிக ஊழியன் என்று நினைத்துவிடுவார்கள்.

கடைத்தெருவின் அடியில், வெள்ளைக்காரக் கடற்படை தன் வசதிக்காகப் புதைத்துவிட்டுப்போன ஒரு மண்குழாய்க் கழிவுநீர்க் கான் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருடம் அது ஓடுவதை நிறுத்திவிட்டது. தெருவின் நடுவிலிருந்த கான் மூடியைத் தள்ளிக்கொண்டு சாம்பல் நிறத் தண்ணீர் மேலே வந்தது. அதில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் மிதந்தன. மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்து இறங்குகிற சனம் ஊருக்குள் வருமுன்பே மூக்கைப் பொத்திக்கொண்டது. தொழிலாளர்களை விட்டுக் குத்திப் பார்த்தேன். குழாய்க்குள் முழுவதும் கொழுப்பு.

கான் மூடிக்கு நேர் எதிரே மீரான் காக்காவின் சாப்பாட்டுக் கடை. விடியற்காலையில் துறைமுகத் தொழிலாளர் அத்தனை பேரும் ரொட்டியும் இறைச்சிக் கறியும் தின்பது அங்கேதான். கொழுப்பு என்றால் இறைச்சி. இறைச்சி என்றால் மீரான் காக்கா. என் விசாரணை அந்த இடத்திலேயே, சைக்கிளை விட்டு இறங்காமலே முடிவடைந்தது. கானுக்குக் கொழுப்பு விடுவதை நிறுத்தாவிட்டால் நீதிமன்ற உத்தரவோடு கடை பூட்டப்படும் என்று அறிவித்தல் எழுதினேன். கொடுக்கப் போனபோது காக்கா சந்தைக்குப் போயிருந்தார். ஆள் இல்லாவிட்டால் கதவில் ஒட்டவேண்டும் என்பது விதி. ஒட்டினேன். தாராளமாகப் பசை போட்டு ஒட்டினேன்.

அடுத்த நாள் காக்கா கந்தோருக்கு, என் மேசைக்கு முன்னால் வந்தார். கையில் அறிவித்தல், அதன் பின்பக்கத்தில் அவருடைய கதவிலிருந்து உரிந்துவந்த பச்சை வர்ணம்.

“ஐயா, என்ட கடையில இருந்து கொழுப்பு ஒரு சொட்டும் கானுக்குப் போறல்ல. சாம்பல்தீவுத் தோணிக்காரன் வந்து வழிச்சி அள்ளிக்கொண்டு போறான், தோணி இழுக்கிற உருளைக்குப் பூச. சட்டி கழுவுற குசினித் தண்ணி பின் வளவுத் தென்னைக்குப் போகுது.”

“கந்தோரில இருக்கிற கான் படத்தில உங்கட குழாய் கானோட சேருது, காக்கா.”

“அது வெள்ளைக்காரன் காலத்துப் படம். அந்தப் படத்தில தேடினா என்ட வாப்பாவும் உசிரோட இருப்பார்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உத்தியோக நேரம்.

“ஐயா, விளையாட்டுக் கதையில்ல,” என்றார் காக்கா, குரலைத் தாழ்த்தி. “கடையைப் பூட்டினா பிறகு திறக்கலாம். ஆனா காலைச் சாப்பாட்டுக்காரன் வேற கடை வாங்கில குந்திப் பழகிருவான். அவனைத் திருப்பிக் கொண்டுவர ஏலாது. நானும் பொஞ்சாதி புள்ளையளும் அந்த ரொட்டிக் கல்லிலதான் உசிர் வாழுறம்.”

மனிதனாக இருந்திருந்தால் பின் வளவுக்குப் போய்த் தென்னையைப் பார்த்திருப்பேன். நான் பரிசோதகனாக இருந்தேன். “விஞ்ஞான முறைப்படி நிரூபிப்பம். உங்கட குசினியில சாயம் ஊத்துவம். கான் மூடியில சாயம் வந்தால் கடை பூட்டு. வராவிட்டால் அறிவித்தலை அந்தத் தெருவில வச்சே வாபஸ் வாங்குறன்,” என்றேன். சொல்லும்போதே, இந்தச் சோதனையைப் பற்றித் தலைமைக் கந்தோருக்கு ஓர் அறிக்கை அனுப்பி, அதற்கு ஒரு பாராட்டும் பெற்றுக்கொண்டிருந்தேன், மனதுக்குள்.

சாயத்துக்கு எங்கே போவது? மூதூர்ப் பெண்கள் பன்பாய் இழைக்கும்போது பன் புல்லுக்குப் போடும் சாயம் நினைவுக்கு வந்தது. அதைத் தண்ணீரில் கரைத்தால் குளத்தையே நிறம் மாற்றலாம். சிவப்பும் பச்சையும் வாங்குவித்தேன். சிவப்பு மீரான் காக்காவுக்கு. பச்சை எதற்கு என்றால், அந்த மூடிக்கு மேலே, மேட்டுப் பக்கத்தில், கானோடு சேரும் குசினிகள் எல்லாவற்றையும் சோதிக்கவேண்டும் என்பது நடைமுறை. படத்தின்படி மேலே இன்னும் ஒரே ஒரு குசினிதான் இருந்தது. அது எங்கள் உத்தியோகத்தர் கழகத்தின் குசினி.

கழகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பின்னேரங்களில் சீட்டாடிக்கொண்டே, தகரத்தில் வரும் வெள்ளைக் கொழுப்பில் பொரித்த இறைச்சி, பொரித்த ஈரல், பொரித்த முட்டை, இவையெல்லாம் பொரித்து மிஞ்சிய கொழுப்பில் பொரித்த கடலை வடை ஆகியவற்றை ஆராய்கிற இடம் அது. தலைவர், எனக்கு மேலதிகாரியான சுகாதார வைத்திய அதிகாரி டொக்டர் கார்த்திகேசர். கௌரவ செயலாளர், அடியேன். நான் பொறுப்பேற்ற பிறகு குசினி முகம் பார்க்கிற கண்ணாடிபோல் ஆகியிருந்தது. அங்கே பச்சைச் சாயம் ஊற்றுவது வெறும் நடுநிலைமைக்காக. பக்கச்சார்பு என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக்கூடாது அல்லவா?

சோதனை நாள். தேத்தண்ணிக் கிளாசோடு தொழிலாளர் கூட்டம் தெருவை நிறைத்தது. டொக்டர் கார்த்திகேசர் வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சப்பாத்துடன் வந்து, விஞ்ஞானத்துக்கு மிக அருகில், மூடிக்குப் பக்கத்திலேயே நின்றார். மீரான் காக்கா பிஸ்மி சொல்லித் தன் கையாலேயே சிவப்பை ஊற்றினார். வாளி வாளியாகத் தண்ணீரும் விட்டோம். எல்லாரும் மூடியைப் பார்த்தோம். மூடி எங்களைப் பார்த்தது.

பின் வளவிலிருந்து ஒரு சத்தம்: “காக்கோய்! தென்னையடி முழுக்கச் சிவந்திட்டுது!”

கூட்டம் ஆரவாரித்தது. “பொறுங்கோ,” என்றேன் நான். “குழாய் நீளம். வரும்.”

“எங்க இருந்து ஐயா வரும், தென்னையில ஏறி இளநியாலயோ?” என்று ஒருவன் கேட்டான்.

இந்த இடைவெளியில், சம்பிரதாயத்தை முடித்துவிடுவோம் என்று மேலே கழகத்து வாசலில் நின்ற குசினிக்காரன் அந்தோனிக்குக் கை காட்டினேன். அவன் உள்ளே போய்ப் பச்சையை ஊற்றினான். அண்டா நிறையத் தண்ணீரையும் கவிழ்த்தான்.

மூடி ஒரு விக்கல் விக்கியது. பிறகு, மெதுவாக, மிகவும் மரியாதையாக, கிளிப்பச்சை நிறத்தில் ஒரு வெள்ளம் எழுந்து, டொக்டர் கார்த்திகேசரின் வெள்ளைச் சப்பாத்து இரண்டையும் சூழ்ந்துகொண்டது.

அப்போது எழுந்த ஆரவாரம், துறைமுகத்தில் நின்ற கப்பல்காரருக்கும் கேட்டிருக்கும். மீரான் காக்காவைத் தோளில் தூக்கிவிட்டார்கள். நான் ஒருவன்தான் கீழே நின்று வாதாடினேன். “சாயம் வந்தால் இணைப்பு இருக்கெண்டுதான் அர்த்தம்! கொழுப்பு அங்க இருந்து வந்ததெண்டு நிரூபணமாகாது!”

“அப்ப அந்தோனியைக் கேட்பம்,” என்றார் டொக்டர், பச்சைக் காலை உதறியபடி. “அந்தோனி, பொரிச்ச சட்டியை என்ன செய்யிறனீர்?”

“முந்தி சாம்பலும் தும்பும் போட்டுத் துடைச்சு, கொழுப்பை வளவுக்குள்ள கிடங்கு வெட்டித் தாட்டனான், சேர். காகம் வருதெண்டு செயலாளர் ஐயா நிப்பாட்டிப்போட்டார். எல்லாத்தையும் கொதிதண்ணி விட்டுக் கழுவித் தொட்டிக்குள்ள ஊத்தச் சொன்னவர். சுவரில எழுதியும் ஒட்டினவர். அந்த நாளில இருந்து அப்பிடித்தான் செய்யிறனான்.” (எழுதி ஒட்டுவதில் எனக்கிருந்த ஆர்வத்தை இதற்குள் வாசகர் உணர்ந்திருப்பார்.)

டொக்டர் என் பக்கம் திரும்பினார். “சபாரத்தினம், கொதிதண்ணியில கொழுப்பு என்ன ஆகும்?”

“உருகும், சேர்.”

“உருகி?”

“போயிடும், சேர்.”

“எங்க போகும்?”

நான் கீழே பார்த்தேன். எங்கே போயிற்று என்பது அவருடைய கணுக்கால்வரை நின்றுகொண்டிருந்தது. சுடச்சுட உருகிக் கண்ணுக்கு மறைந்தது எல்லாம், நிலத்துக்குக் கீழே குளிர்ந்து, குழாய்ச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு பின்னேரமும் தடித்துக்கொண்டே வந்திருக்கிறது. என் குசினி பளபளத்த ஒவ்வொரு நாளும் கான் கொஞ்சம் செத்திருக்கிறது.

தொழிலாளர்கள் கானுக்குள் நீளப் பிரம்பை விட்டு இடித்துத் தள்ளினார்கள். பிட்டுக் குழலிலிருந்து பிட்டு இறங்குவதுபோல, உருண்டையாக, வெள்ளையாக, முழம் முழமாகக் கொழுப்பு வெளியே வந்தது. (கழகத்தில் அதற்குப் பிறகு நெடுங்காலம் யாரும் பிட்டுச் சாப்பிடவில்லை.) டொக்டர் அதை ஒரு தடியால் தொட்டுக் காட்டினார். “நல்லாப் பாரும். உமக்குள்ளயும் இப்பிடித்தான் நடக்குது. நாக்கில உருகிறதை மட்டும்தான் நீர் பாக்கிறீர். ரத்தக் குழாயில உறையிறதைப் பாக்கிறதுக்கு அங்க ஒரு மூடி இல்ல.”

தோளிலிருந்து மீரான் காக்கா கேட்டார்: “டொக்டர் ஐயா, கழகத்தில நீங்களும் வடை தின்னுறனீங்கதானே?”

டொக்டர் இடுப்புப் பட்டியை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். அது மேலே வரவில்லை.

காக்கா கீழே இறங்கினார். “இப்ப என்ட நோட்டீசை வாபஸ் வாங்குங்க.” வாங்கினேன். “கானை அடைச்ச ஆளுக்குப் புதுசா ஒண்டு குடுங்க.” அதுவும் முறைதான். அந்த இடத்திலேயே எழுதினேன். பெறுநர்: கௌரவ செயலாளர், உத்தியோகத்தர் கழகம். கொடுப்பவர்: பொதுச் சுகாதாரப் பரிசோதகர். வலது கையால் நீட்டி இடது கையால் பெற்றுக்கொள்ள வேண்டிய கட்டம் வந்தபோது, ஒரு கணம் தயங்கினேன்.

“வாங்க ஏலாதெண்டா சொல்லுங்க ஐயா, உங்கட முதுகில ஒட்டுவம்,” என்றார் காக்கா. “என்ட கதவில நீங்க போட்ட பசை இன்னும் காயல்ல.”

வாங்கிக்கொண்டேன். கையொப்பமிட்டேன். அந்தோனி சாட்சிக் கையொப்பம் வைத்தான், அவனுக்குப் பொருந்தாத ஒரு கம்பீரத்துடன்.

அப்போதுதான் அது நடந்தது. கடைசி அடைப்பும் விட்டது. தெருவுக்கு அடியில் ஓர் உறுமல் எழுந்து, பச்சை வெள்ளம் சுழன்று மூடிக்குள் இறங்கி, கடகடவென்று கடலை நோக்கி ஓடியது. நாற்றமும் அதோடு போயிற்று. அந்தச் சத்தத்தைப்போல் இனிமையான சங்கீதத்தை நான் இன்றுவரை கேட்கவில்லை. கூட்டம் கைதட்டியது. என்னையறியாமல் நானும் தொப்பியைக் கழற்றி ஆட்டினேன். கானை அடைத்தவன் நான் என்றாலும், திறந்ததும் என் சோதனைதானே! காக்கா எனக்கு ஒரு கிளாஸ் நீட்டினார்.

“குடியுங்க ஐயா. வெறும் தேத்தண்ணி. எண்ணெயில்ல.”

கடை பிழைத்தது என்று சொன்னால் போதாது. “சாயச் சோதனையில் தேறிய குசினி” என்று காக்கா ஒரு பலகை எழுதி மாட்டினார். அதைப் பார்க்கவே குச்சவெளி பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். வாங்கு போதாமல் தெருவிலும் வாங்கு போட்டார். (தெருவில் வாங்கு போடுவது விதிக்கு முரண். எனக்கு அந்தப் பக்கம் கொஞ்சக் காலம் கண் தெரியவில்லை.) கழகத்தில் கொழுப்பை மறித்துப் பிடிக்கும் ஒரு கிடங்கை நானே வடிவமைத்துக் கட்டினேன். சாயச் சோதனை பற்றிய என் அறிக்கை மேலே போய், நல்ல முறை என்று மற்ற ஊர்களுக்கும் அனுப்பப்பட்டது. நானே இளம் பரிசோதகர்களுக்கு அதை விளக்கியிருக்கிறேன். குற்றவாளியின் பெயரை மட்டும் பிரசுரிக்கவில்லை.

அன்று நான் வீட்டுக்குப் போகுமுன் செய்தி போய்விட்டது. “வாங்கோ, பச்சை,” என்றாள் பூமணி வாசலில். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பச்சை என்றால் குற்றவாளி, சிவப்பு என்றால் நிரபராதி. கோப்பை உடைந்தால் “ஆர் பச்சை?” என்றுதான் விசாரணை. என் பிள்ளைகள் கொழும்புக்குப் படிக்கப் போய், சந்தி விளக்குகளைக் கண்டு தடுமாறினார்கள் என்பது உண்மை.

என் சாப்பாட்டுக்கு மேலே பூமணி பரிசோதகரானாள். அவித்தது, சுட்டது, வேகவைத்தது. கலியாண வீட்டுப் பந்தியில் என் கை வடையை நோக்கி நீண்டால், எதிர்ப் பந்தியிலிருந்து, “பச்சை ஊத்தட்டோ?” என்று குரல் வரும். சபை முழுவதும் சிரிக்கும். வயிறு வற்றியது. கால்சட்டையைத் தைத்துத் தைத்துச் சிறிதாக்கினோம். கழகத்தில் என்னோடு சீட்டாடியவர்களில் பலர், டொக்டர் கார்த்திகேசர் உட்பட, ஓய்வூதியம் பெறுமுன்பே போய்ச் சேர்ந்தார்கள். அதை நான் வெற்றியென்று சொல்லவில்லை. ஆட்டத்துக்கு ஆளில்லாமல் போனதுதான் மிச்சம்.

ஓய்வு பெற்றபின் ஒரு நெஞ்சு நோவுக்காகக் கொழும்பில் ஒரு பெரிய டொக்டரிடம் போனேன். எல்லாம் சோதித்துவிட்டு, “இது வெறும் வாயு. உங்கட ரத்தக் குழாய்கள் இளந்தாரியின்ர குழாய் மாதிரி இருக்கு,” என்றார். எழுத்தில் தரும்படி கேட்டேன். முதலில் மறுத்தார், பிறகு, கையில் கடதாசி இல்லாமல் எழுந்து போகாத ஆள் நான் என்று விளங்கியதும் தந்தார்.

வீட்டில் எல்லாரையும் இருத்தி அதை வாசித்தேன். பூமணி வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

“சிவப்பு,” என்றாள்.

அத்தனை வருடங்களில் எனக்குக் கிடைத்த ஒரே விடுதலைத் தீர்ப்பு. குசினிக்குள் போய், ஒரு கடலை வடையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். என் மகள்தான் பொறுக்கமாட்டாமல் ஆட்சேபித்தாள். “அம்மா, கானை அடைச்சது அப்பாதானே?”

“அது கான்,” என்றாள் பூமணி. “இது என்ர ஆள். நீங்கள் சாப்பிடுங்கோ.”