சரித்திரம் கைவைக்காத போசி

மனித குலத்தின் மொத்த வரலாற்றையும் அடுத்தவர் சோற்றில் கைவைத்தே சொல்லி முடித்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ‘சரித்திரம்’.

தொண்ணூறுகளில் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனியில் நான் ஃபிட்டர். சரித்திரம் அங்கே பம்புகளுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிப்பவர். புருவம்கூடப் பச்சை. கல்யாண வீட்டுக்கு வேட்டி சட்டையில் வந்தாலும் புது பம்பு ஒன்று நடந்து வருவது போலத்தான் இருக்கும்.

மத்தியானம் சங்கு ஊதியதும் ஆளுக்கொரு தூக்குப்போசியோடு சாப்பாட்டு ஷெட்டுக்குப் போவோம். யார் எங்கே உட்காருவது என்று எந்தப் போர்டிலும் எழுதியிருக்காது. ஆனாலும் ஒருவரும் இடம் மாறியதில்லை. ஜன்னல் பக்கம் காற்று வரும் இடத்தில் தோட்டம் காடு உள்ள வீட்டுப் பிள்ளைகள். குழாயடி ஓரத்தில் நானும் மாரியும். எங்கள் இருவரின் அப்பன்மாரும் கிணத்துக்கடவுப் பக்கம் அடுத்தவர் காட்டில் பண்ணையத்துக்கு இருந்த கூலியாட்கள். அந்தக் கம்பெனியில் எனக்கிருந்த ஒரே சிநேகிதன் மாரி.

சரித்திரத்துக்குச் சொந்தப் போசி கிடையாது. கையில் ஒரு ஸ்பூன், அவ்வளவுதான். யார் மூடியை வேண்டுமானாலும் திறப்பார்.

“ஏனுங்க, கொரங்கா இருந்த வரைக்கும் அவனவன் காயை அவனவன் தின்னானுங்க. அடுத்தவன் போசியில என்ன இருக்குதுன்னு எட்டிப் பாத்தான் பாருங்க, அன்னைக்குத்தான் மனுசனானான்!”

ஒருநாள் மேனேஜரின் கேரியரிலேயே கையை விட்டார். “ராஜ்ஜியமெல்லாம் ஏனுங்க கவுந்துச்சு? ராசா தனியா உக்காந்து தின்னதாலதானுங்க!”

“சரிங்க, அந்த முட்டையை மட்டும் விட்டுப்போடுங்க” என்று மேனேஜர் கெஞ்சினார். விடவில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் குழாயடிக்கும் வந்து மாரியின் போசியைத் திறந்தார். கருவாட்டுக் குழம்பு. சப்புக்கொட்டிக்கொண்டே சமுதாயம் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சில் மாரி விழுந்துவிட்டான். மறுநாளிலிருந்து எனக்கென்று எடுத்து வைக்கிற துண்டு அவருக்குப் போயிற்று. டீக்கடைக்கும் அவரோடுதான் போனான். எனக்கு வயிறு எரிந்தது.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஷெட்டிலிருந்த எல்லாப் போசியையும் திறந்தவர், என்னுடையதை மட்டும் தொடவில்லை. சாதியோ என்று நினைத்தால், மாரியின் போசியை வழித்து நக்குகிறாரே! அப்படியானால் என்னைத்தான் பிடிக்கவில்லை. வீட்டுக்காரி வேறு தினமும் கேட்பாள்.

“ஏனுங்க, அந்தப் பச்சப் புருவத்துக்காரரு நம்மூட்டுக் கொள்ளு ரசத்தைப் பத்தி என்னதான் சொன்னாருங்க?”

“நல்லாருக்குன்னாரு.” வேறென்ன சொல்வது?

பொறுக்க முடியாமல் கடைசியில் ஒருநாள் கேட்டேவிட்டேன். “ஏனுங்க, எம்பட போசி மட்டும் உங்களுக்கு ஆகாதுங்களா?”

ஸ்பூனை நக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்கதான் மூடி மேல கையை வெச்சுட்டே உக்காந்திருக்கீங்களே. கையைத் தள்ளிப்போட்டுத் தொறந்தா அது சிநேகிதமில்லீங்க, அதிகாரம். மூடி வெக்கறதும் ஒருத்தரோட சொதந்திரம்தானுங்க.”

குனிந்து பார்த்தேன். நிஜம்தான். என் இடது கை மூடியை அழுத்திக்கொண்டிருந்தது. வரப்பில் உட்கார்ந்து சாப்பிடும்போது, என்ன சோறு என்று போகிறவர் வருகிறவர் பார்த்துவிடக் கூடாது என்று என் அப்பா அப்படித்தான் பிடித்துக்கொள்வார். நான் ஐ.டி.ஐ. படித்து, ஃபிட்டராகி, இரும்பையெல்லாம் கழற்றி மாட்டினேன். அந்தக் கையை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

கையை எடுத்தேன். மூடியை நானே திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

அன்று அவர் சரித்திரம் எதுவும் பேசவில்லை. தலை நிமிராமல் சாப்பிட்டார். ரசத்தைப் போசியோடு தூக்கிக் குடித்தார். பக்கத்தில் மாரியின் கருவாடு ஆறிப்போய்க் கிடந்தது.

“ஏனுங்க, இன்னைக்கு எங்கூட்டுது வேண்டாமாக்கும்?” என்ற மாரியின் முகம் சுருங்கிப்போனதைக் கண்குளிரப் பார்த்தேன்.

எனக்கென்று ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை, அந்த மனுஷர். வயிறு நிறைந்தவனாகத்தான் நான் எழுந்து போய் வேலையைப் பார்த்தேன்.