ஏலாது அண்ணையும் கிணற்றுச் சாவியும்

மூன்று கண்டங்களைச் சேர்ந்த முன்னாள் தளபதிகள், முன்னாள் அமைச்சர்கள், இரண்டு பாதிரியார்கள், ஒரு கன்னியாஸ்திரி, இத்தனை பேரும் முயன்றும் ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியாத மனிதர் ஒருவர் லண்டன் லூயிஷாமில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கு வரும் கடிதங்களில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ஏலாது அண்ணை.

எதைக் கேட்டாலும் முதல் வார்த்தை "ஏலாது" தான், அதாவது முடியாது. கேட்டு முடிக்கும்வரைகூடப் பொறுக்க மாட்டார். ஒருநாள் என் கணவர் படியில் வைத்து நேரம் என்ன என்று கேட்டார். "ஏலாது" என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். என் மகளின் தள்ளுவண்டியைக் கீழ் நடையில் நிறுத்தக் கூடாது என்று மூன்று வாரம் வழக்காடினார். அது எவ்வளவு பாரம், எவ்வளவு இடைஞ்சல் என்று எங்களுக்கு நிரூபிப்பதற்காக, தினமும் மாலை பிள்ளையோடு சேர்த்து அதைப் படியேறி எங்கள் வாசல்வரை தானே தூக்கிவந்து வைத்தார். "பாத்தியே பாரத்தை?" என்று மூச்சு வாங்கக் கேட்பார். நான் பயந்துபோய் மன்னிப்புக் கேட்பேன். மறுநாளும் தூக்கிவருவார்.

அப்போது எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. போர் முடிந்து எழும்பிக்கொண்டிருக்கும் நாடுகளிலிருந்து ஆட்களை அழைத்து, எப்படித் தலைமை தாங்குவது, எப்படிச் சமாதானம் பேசுவது என்று இரண்டு வாரம் பயிற்சி கொடுக்கும் நிலையம் அது. ஆர்ச்வேயில் ஒரு பழைய வீட்டில் நடந்தது. அங்கே தட்டச்சு செய்வது நான். ஆறு மாதத் தற்காலிக வேலை. சரியாகச் செய்தால் நிரந்தரமாக்குவோம் என்றிருந்தார்கள். கணவர் கணக்கியல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் செய்துகொண்டிருந்தார். ஆகவே அந்த வேலை எங்களுக்கு மிகவும் தேவைப்பட்டது. நான் தினமும் தொடருந்தில் போகும்போது மகளுடைய இருமலைப் பற்றியும், இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா என்பதைப் பற்றியும், ஆறு மாதம் முடிவதைப் பற்றியும் இதே ஒழுங்கில் கவலைப்படுவேன்.

பயிற்சியில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒரு நாடகம் உண்டு. போர் முடிந்த இரண்டு கிராமங்களுக்கு நடுவே ஒரே கிணறு. அதன் பம்பு அறைச் சாவி ஒரு கிழவரிடம் இருக்கிறது. அவர் எவரையும் நம்புவதில்லை. பயிற்சிக்கு வந்தவர்கள் பேசிப்பேசிச் சாவியைப் பெற வேண்டும். கிழவராக நடிக்க ஒரு நாடகக் கல்லூரி மாணவன் வந்துகொண்டிருந்தான். அவன் பத்து நிமிடத்தில் கண்ணீர் விட்டுச் சாவியை நீட்டிவிடுவான். எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் வந்திருப்பவர்கள் நிஜப் போரிலிருந்து வந்தவர்கள். கைதட்டிக்கொண்டே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

நிலையத்தின் இயக்குநர் மிகவும் மெலிந்த, மிகவும் நல்ல ஆங்கிலேயர். இன்னும் கொஞ்சம் பிடிவாதமான ஆள் கிடைத்தால் நல்லது என்று ஒருநாள் பெருமூச்சு விட்டார். எனக்கு ஒருவரைத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன கணத்திலிருந்து, சொல்லியிருக்கக் கூடாதோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணையைக் கேட்டபோது "ஏலாது" என்றார். அடுத்த வியாழன் கோட்டும் கழுத்தில் ரையும் அணிந்து எனக்கு முன்பே நிலைய வாசலில் நின்றார்.

நான் தட்டச்சு செய்த பாத்திரக் குறிப்பை அவரிடம் கொடுத்தேன். அதில் இரண்டே வரி. 'கிழவர் முதலில் தயங்குவார். பொறுமையாகக் கேட்டால் இணங்குவார்.' மூக்குக் கண்ணாடியை இறக்கி வாசித்தார். பேனையை எடுத்து இரண்டாவது வரியை வெட்டினார்.

"ஆர் பிள்ளை இதை எழுதினது? இப்பிடியொரு மனிசனை நான் கண்டதே இல்லை."

சாவிக்கு அலுவலகக் காகித அலுமாரியின் சாவியைக் கொடுத்திருந்தோம். அதைச் சட்டைப்பையின் உள்ளே ஊக்கு குத்திப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் அணியில் ஒரு முன்னாள் அமைச்சர், கிணற்றுக் குழுவுக்கு அவரையே தலைவராக்குவதாகச் சொன்னார். குழுவை நியமிக்க நீ யார் என்று கேட்டார் அண்ணை. ஒரு தளபதி மேசையில் குத்தினார். அண்ணை பேப்பரை விரித்து வாசிக்கத் தொடங்கினார். கன்னியாஸ்திரி அழுதே விட்டார். கண்ணைத் துடைக்க அண்ணை தன் கைலேஞ்சியைக் கொடுத்தார், சாவியைக் கொடுக்கவில்லை. எல்லாப் பதிலுக்கும் முன்னால் தமிழில் ஒரு "ஏலாது", அதற்குப் பிறகுதான் ஆங்கிலம்.

மதியம் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவது அங்கே வழக்கம். அண்ணை தன் புட்டுப் பெட்டியோடு படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று கேட்டேன். பேச்சுவார்த்தை நடக்கேக்க எதிராளியின்ர சோறு தின்னக்கூடாது என்றார். மாலையில் சாவியைத் திருப்பிக் கேட்டேன். பேச்சு இன்னும் முடியவில்லையாம். அந்த அலுமாரிக்கு வேறு சாவியும் கிடையாது. அன்றிலிருந்து நிலையத்தின் கடிதங்களையெல்லாம் பழைய காகிதங்களின் பின்பக்கத்தில் அடித்தேன்.

இப்படியே மூன்று அணிகள் வெறுங்கையோடு ஊருக்குத் திரும்பின. இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். அறிக்கையில் ஒரு உடன்பாட்டையாவது காட்ட வேண்டியிருக்கிறது என்றார். இந்த வியாழனும் சாவி கிடைக்காவிட்டால் மாணவனையே திரும்ப அழைக்கலாம் என்றார். வெள்ளிக்கிழமை என் ஆறு மாதம் முடிவதால் அதைப் பற்றியும் அன்று பேசுவோம் என்று சொல்லி, ஃபைலை மெதுவாக மூடினார். சத்தமாக மூடியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அந்த வாரம் வந்திருந்த அணியின் நிலைமை வேறு மோசம். ஒரே நாட்டின் இரண்டு பக்கத்தவர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் அரச படையில் கப்டனாக இருந்தவர். மற்றவர் போராளிகளின் காட்டு வைத்தியசாலையில் தாதியாக இருந்த பெண். இனி இருவரும் ஒரே மாவட்ட சபையை நடத்த வேண்டும். இருவருக்கும் தாய்மொழி ஒன்று. ஆனாலும் சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளர் மூலம்தான் கேட்டார்கள். பாவம், அந்த மனிதர் ஒரே மொழியிலிருந்து அதே மொழிக்கு உப்பை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மாலை அண்ணை வழக்கம்போலத் தள்ளுவண்டியைத் தூக்கிவந்து எங்கள் வாசலில் வைத்தபோது, வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அண்ணை, நாளைக்கு ஒருக்கா மட்டும் சாவியைக் குடுத்திடுங்கோ."

"ஏலாது."

"என்ர வேலை போயிடும் அண்ணை."

அவர் வண்டியில் தூங்கிக்கொண்டிருந்த என் மகளைச் சிறிது நேரம் பார்த்தார்.

"பிள்ளை, அந்த ரெண்டு பேரும் ஊருக்குப் போனாப்பிறகு, அங்க சாவி வச்சிருக்கிறவனுக்கு நான் போன் எடுத்து, 'தம்பி, குடுத்திடு, லூயிஷாமில ஒரு பிள்ளைக்கு வேலை போகப்போகுது' எண்டு சொல்ல ஏலுமே?"

நான் வண்டியை உள்ளே இழுத்தேன். அவர் மேலே போய்விட்டார்.

வியாழக்கிழமை. கப்டன் முதலில் கட்டளை போட்டுப் பார்த்தார். பிறகு தாதி, கிழவரின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கனிவாக விசாரித்தார். அண்ணைக்கு உண்மையிலேயே முழங்கால் வருத்தம். நாற்பது நிமிடம் விவரித்தார். தாதி நல்ல வைத்தியம் ஒன்றும் சொன்னார். அண்ணை அதைக் கவனமாக எழுதிக்கொண்டு, மனமார நன்றி சொல்லி, "சாவி ஏலாது" என்று முடித்தார். மூன்று மணிக்கு இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து வெளியே போனார்கள்.

என் அறைக் கண்ணாடிக் கதவு வழியே நடை தெரியும். பார்த்தால், கப்டன் மூக்கு நுனிக்கு இல்லாத கண்ணாடியை இறக்கி, இல்லாத பேப்பரை விரித்து, "ஏலாது" என்று தலையாட்டுகிறார். தாதி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். சிரித்து முடித்ததும் இருவரும் நேரே என்னிடம் வந்தார்கள். அண்ணைக்கு எதிராக இயக்குநரிடம் எழுத்தில் முறையிட வேண்டும், அடித்துத் தா என்றார்கள்.

அது என் வேலையைப் பறிக்கப்போகும் கடிதம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டதை அடிப்பதுதானே என் கடமை. காகித அலுமாரி பூட்டிக்கிடந்ததால், வெட்டப்பட்ட அந்தப் பாத்திரக் குறிப்பின் பின்பக்கத்தில் அடித்தேன். மொழிபெயர்ப்பாளர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். அவர்கள் தங்களுக்குள் தங்கள் மொழியில் பேசி, எனக்கு உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்கள். கப்டன் 'கல்' என்று போடச் சொன்னார். தாதி மறுத்தார், கல்லைத் தண்ணீராவது தேய்க்கும், 'கழுதை' என்று போடு என்றார். கப்டன் கமக்கார வீட்டுப் பிள்ளை, வயலிலும் கழுதையோடும் வளர்ந்தவர். கழுதை என்ன பாவம் செய்தது என்று கேட்டார். கால் மணி நேரம் வாதாடி ஒரு வசனத்துக்கு வந்தார்கள்: 'போரில் எங்கள் இருவருக்கும் எதிரில் நின்ற எவரைவிடவும் இவர் மோசமானவர்.' யார் முதலில் கையெழுத்து வைப்பது என்று திரும்பவும் ஒரு சிக்கல். தாதி பேனையை வாங்கி, மேலும் கீழுமாக இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில் கையெழுத்துக்கு இரண்டு கோடு இழுத்தார்.

அந்தக் கடிதத்தில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. கையெழுத்து வைப்பதற்குமுன் அதைத் திருத்தியும் கொடுத்தேன். என் கழுத்துக்குக் கயிற்றை நானே சரிபார்த்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

இயக்குநர் கடிதத்தை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். இருவருமா சேர்ந்து எழுதினார்கள் என்று கேட்டார். ஓம் என்றேன். ஒரே மேசையிலா? ஓம். மொழிபெயர்ப்பாளர்? அவர் தேநீர் குடிக்கிறார் என்றேன். அந்த நல்ல மனிதர் நாற்காலியில் சாய்ந்து, கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். இதற்கு இரண்டு பிரதி எடு, ஒன்று அறிக்கைக்கு என்றார். நிலையம் தொடங்கிய இந்த ஆறு வருடத்தில் நமக்குக் கிடைத்த உருப்படியான உடன்பாடு இதுதான் என்றார். என்னுடைய நிரந்தரக் கடிதத்தையும் சேர்த்து அடித்துவிடு என்றார். எந்தக் காகிதத்தில் அடிப்பது என்று கேட்கத்தான் எனக்கு முதலில் தோன்றியது.

தன்மீதான முறைப்பாட்டை வாசிக்கும் உரிமை தனக்குண்டு என்று அண்ணை அடம்பிடித்து வாங்கி வாசித்தார். 'மோசமானவர்' என்பதில் அவருக்கு ஆட்சேபமில்லை. 'மூன்று மணி நேரம் பிடிவாதம் பிடித்தார்' என்று இருந்த இடத்தை மட்டும் மூன்று மணி நாற்பது நிமிடம் என்று திருத்தச் சொன்னார். கப்டனும் தாதியும் தலையைச் சாய்த்துக் குசுகுசுத்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் ஒரே குரலில், நல்ல தமிழில் சொன்னார்கள்.

"ஏலாது."

அண்ணை கண்ணாடிக்கு மேலாக அவர்களைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியே பிள்ளை, நல்லாப் படிச்சிட்டுதுகள்."

ஆனால் சாவியைக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் ஆள் வைத்து அலுமாரிப் பூட்டை உடைத்தோம்.

அதற்குப் பிறகு நிலையம் அவரை விடுமா? பயிற்சியை அந்தந்த நாடுகளிலேயே போய் நடத்தத் தொடங்கியபோது, அண்ணையையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது ஊர் ஊராகப் போய் எதிரியாக உட்காருவதுதான் அவருக்குத் தொழில். மாதக்கணக்கில் லண்டனில் இருப்பதில்லை. போன வாரம் ஒரு தபாலட்டை வந்தது. முழங்கால் சுகம், இங்கேயும் ஒருவராலும் ஏலவில்லை என்று எழுதியிருக்கிறார். தள்ளுவண்டியை இன்னும் நடையில்தான் விடுகிறாயா என்றும் கேட்டிருக்கிறார். என் மகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறாள் என்று பதில் எழுத வேண்டும்.

ஆர்ச்வேயில் வியாழக்கிழமைகளில் இப்போது வேறொருவர் கிழவராக நடிக்கிறார். தன்மையான மனிதர். அவரும் சரி என்கிறார், வந்தவர்களும் சரி என்கிறார்கள், நாலு மணிக்கெல்லாம் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு தேநீருக்குப் போய்விடுகிறார்கள். எனக்குத்தான் ஒன்றையும் நம்ப முடியவில்லை.