மைல் ஓட்டத்துக்கு மாஸ்டர் வைத்த வினை

சிங்காநல்லூர்,
9-11-1958.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை நஞ்சுண்டன் அவர்களுக்கு, அப்புசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

உங்கள் மகனுக்கு ஓட்டம் பழக்கத் தனியாக ஒரு மாஸ்டர் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், வேண்டாம். என் மகன் தம்பிதுரை வாங்குகிற மார்க்குக்கு எந்தக் காலேஜும் கதவைத் திறக்காது, ஜில்லா மைல் ஓட்டத்தில் முதலாவதாக வந்தால் மதராஸ் போட்டிக்குப் போகலாம், அங்கே ஓடிக் காட்டினால் காலேஜில் இடம் நிச்சயம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதை நம்பி, பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற உக்கடம் அப்துல் நாசரைக் கூட்டிவந்து வீட்டோடு வைத்தேன். அவர் முன்னால் ஓடுவார், பையன் பின்னால் ஓட வேண்டும், அதுதான் பாடம். முதல் நாளே, பையன் திருடனைத் துரத்துகிறான் என்று நினைத்து நம் தோட்டத்து ஆட்கள் மாஸ்டரைப் பிடித்துத் தென்னை மரத்தில் கட்டிவிட்டார்கள். அவிழ்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு, கோழி அடித்து விருந்து வைத்தோம். மறுநாள் அவர் ஊதிய விசிலுக்கு மாடுகள் மிரண்டு வண்டியோடு வாய்க்காலில் இறங்கின. காலையில் ஆறு முட்டை கொடுக்கச் சொன்னார். உங்கள் அக்கா, "வளர்ற புள்ளைங்க" என்று பன்னிரண்டு கொடுத்ததில் இரண்டு நாள் பையன் ஓடியதெல்லாம் கொல்லைப்புறத்துக்குத்தான். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். மூன்றே மாதத்தில் மாஸ்டருக்கு இரண்டடி பின்னால் மூச்சு வாங்காமல் ஓடினான். "நெழலாட்டம் வாரானுங்க" என்று அவர் பூரித்தார், நானும் பூரித்தேன்.

எந்த வயதுக்காரரும் ஓடலாம் என்ற அந்தப் பந்தயத்தன்று எல்லாருக்கும் முன்னால் ஓடியவர் ஒரு மில் ஃபிட்டர், காதோரம் நரைத்தவர். நம் பையன் அவருக்கு இரண்டடி பின்னால். கடைசிச் சுற்றில் அந்த மனிதர் தள்ளாடுகிறார், வேட்டி அவிழ்வது தெரியாமல் நான் கத்துகிறேன், இவனோ வேகத்தைக் குறைத்து அதே இரண்டடி பின்னாலேயே வந்து இரண்டாவதாக நின்றான். "ஏன் கண்ணு, அந்த ஆளைத் தாண்டலே?" என்றேன். "வயசுல பெரியவருங்கப்பா. அவரைத் தாண்டி எப்படிங்க போறது?" என்றான். மாஸ்டரைப் பிடித்து உலுக்கினேன். "ஓடறதுக்குத்தானுங்க நான் சொல்லிக் குடுத்தேன். பெரியவங்களுக்கு முன்னால போகப்படாதுன்னு சொல்லிக் குடுத்தது நீங்கதானுங்களே" என்றார். மதராசும் போச்சு, காலேஜும் போச்சு. பையன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மாஸ்டரை நாளைக்கு பஸ் ஏற்றி அனுப்பப் போகிறேன். நீங்கள் உங்கள் மகனை எருமை மேய்க்க விடுங்கள், நிம்மதியாக இருக்கும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் கும்பிடு. சிறுவர்கள் நோய்நொடி இல்லாமல், முக்கியமாகப் பந்தயம் இல்லாமல், நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
அப்புசாமி.

பி.கு.: நேற்று எழுதிய இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு சேதி. அடுத்த மாதம் ஈரோட்டில் இன்னொரு பந்தயம் உண்டாம். அதில் ஜெயித்தாலும் மதராஸ் போகலாமாம். இன்று காலை மாஸ்டர் ஒதுங்கி நின்றுகொண்டு என்னை முன்னால் ஓடச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். களத்துமேடு வரை பின்னாலேயே வந்த பையன், "மன்னிச்சுக்குங்கப்பா" என்று சொல்லிப்போட்டு என்னைத் தாண்டிப் போனான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, மாப்பிள்ளை. மாஸ்டரை அனுப்புவதாக இல்லை. உங்கள் மகனுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.