அவகாடோ ஆகாத பத்துப் பேர்

மலேசியாவின் கூலாயில் பாட்டில் மூடி செய்யும் ஒரு தொழிற்சாலை, வழக்கமான பிரியாணியை ஒழித்துவிட்டு இந்த வருட விருந்துக்கு சுஷி போடுவதென்று தீர்மானித்தது. ஜப்பானிலிருந்து இயக்குநர் வருகிறாராம். கஸ்தூரிக்கு லைன் லீடர் நியமனக் கடிதத்தை அவர்தான் கொடுக்கப்போகிறார். எட்டு வருடம் நின்றபடியே மூடி பொறுக்கியவளுக்கு அது சின்ன விஷயமில்லை. விருந்துக்கு வராதவர்களுக்குக் கடிதம் கிடையாது என்று சுற்றறிக்கை வேறு.

கஸ்தூரிக்கு இறால் ஆகாது. நாலு வருடத்துக்கு முன், பாலோவில் நாத்தனார் வீட்டில், இறாலை இடித்துச் செய்த பிளாச்சான் சம்பாலில் ஒரு கரண்டி சாப்பிட்டாள். தொண்டை அடைத்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

இப்படிப்பட்டவர்களைக் காக்கவே பாதுகாப்பு அதிகாரி பரமேஸ்வரன் அவதரித்திருந்தார். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆரஞ்சு நிறக் கைப்பட்டை என்று அறிவித்தார். பட்டை கட்டியவர்களுக்குத் தனிக் கத்தி, தனிப் பலகை, இயக்குநருக்குப் பக்கத்து மேசை. பட்டைகள் பத்தே பத்து. அறிவிப்பு ஒட்டிய அன்று மத்தியானத்துக்குள் தொழிற்சாலையில் நாற்பது பேருக்கு ஒவ்வாமை கண்டுவிட்டது.

"இறாலா? கடைசியா எப்ப வந்துச்சு?" என்றார் பரமேஸ்வரன், கஸ்தூரி நீட்டிய படிவத்தைப் பார்த்து.

"நாலு வருஷம் ஆச்சு சார்."

"ஆறு மாசத்துக்குள்ள வந்திருக்கணும். நாலு வருஷமா வரலன்னா குணமாயிடுச்சுன்னு அர்த்தம்."

"இறால் பக்கமே போகாததாலதான் சார் வரல."

"அப்ப ஒரு தடவ சாப்பிட்டுப் பாருங்க. வந்தா கிளினிக் சீட்டோட வாங்க. உங்களுக்குன்னு ஒரு பட்டை எடுத்து வைக்கிறேன்."

மனுஷன் அதைக் கனிவாகத்தான் சொன்னார்.

பக்கத்து மிஷினில் நிற்கும் லோஷினி கையில் ஏற்கெனவே ஆரஞ்சுப் பட்டை. "அவகாடோன்னு எழுதுங்கக்கா. பரமேஸ்வரன் சாருக்கும் அதுதான் லா. சீட்டே கேக்க மாட்டார்."

"எனக்கு அவகாடோ ஒண்ணும் பண்ணாதே!"

"எனக்கு மட்டும் பண்ணுதா?"

கஸ்தூரிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுதினாள். "அடடா, இத ஏன் முதல்லயே சொல்லல?" என்று பரமேஸ்வரன் கண் கலங்கி, தன் கையாலேயே பட்டையைக் கட்டிவிட்டார்.

விருந்தன்று ஆரஞ்சு மேசையில் பத்துப் பேர். பத்துப் பேருக்கும் அவகாடோ ஆகாது. அதனால் சமையல்காரர் ஒவ்வொரு சுஷியிலிருந்தும் அவகாடோவைப் பக்தியோடு நீக்கி, அந்த இடத்தில் இறாலை வைத்தார். மண்டபத்துக்கு வாங்கிய இறால் மொத்தமும் அந்த மேசைக்கே வந்து சேர்ந்தது. மற்றவர்களுக்கு வெள்ளரிக்காயும் அவகாடோவும்தான்.

"சார், எனக்கு அங்க இருக்கற வெள்ளரிக்கா சுஷி போதும்."

"ஐயோ, அது அவகாடோ வெட்டின கத்தி! உங்க உயிருக்கு நான் பொறுப்பு. பயப்படாம இறாலைச் சாப்பிடுங்க."

பக்கத்து மேசையிலிருந்து இயக்குநர் புன்னகையோடு தலை குனிந்து உபசரித்தார். கடிதம் பெரிதா, தொண்டை பெரிதா? அவள் எழுந்தாள். இறால் படாத பொது மேசைக்குப் போய், பசி வேகத்தில் ஒரு அவகாடோ சுஷியை எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

பரமேஸ்வரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் காத்திருந்தார். கஸ்தூரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் குற்றம்.

'இல்லாத ஒவ்வாமையை இருப்பதாக அறிவித்து, உண்மையான நோயாளிகளின் பாதுகாப்புக்குக் குந்தகம் விளைவித்தமை' என்று அங்கேயே எழுதினார். நியமனம் நிறுத்தி வைக்கப்பட்டது. சாட்சிக் கையெழுத்து உண்மையான நோயாளிகளிடமிருந்தே வாங்கப்பட்டது: அவரோடு சேர்த்து ஒன்பது பேர். லோஷினி, "சாரிக்கா, வேற வழியில்ல" என்று கிசுகிசுத்துவிட்டு முதல் ஆளாகப் போட்டாள்.

கஸ்தூரி பட்டையை அறுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். கார் நிறுத்தும் இடத்திலிருந்து கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். ஆரஞ்சு மேசையில் இறால் தீர்ந்துபோயிருந்தது. ஒன்பது பேரும் பொது மேசையில் வரிசையாக நின்று அவகாடோ சுஷி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பரமேஸ்வரன் இரண்டாவது தடவையாகத் தட்டை நீட்டினார்.