கண்ணீர் நேரப் பட்டியலும் கைக்குப் போகாத கடிதமும்

லைப்சிக்,
9 நவம்பர் 2006

கிறிஸ்துவுக்குள் மிகவும் பிரியமான மாசிலாமணி அண்ணன் அவர்களுக்கு, கடலுக்கு அப்பால், மூன்று கம்பளிச் சட்டைக்கு உள்ளிருந்து, தம்பி பாக்கியநாதன் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு மகன் அஷ்வின், மருமகள் தேஜஸ்வினி, நான் மூவரும் கர்த்தருடைய கிருபையாலும் ஹீட்டர் தயவாலும் சுகம். தங்கள் சுகமும் அண்ணியார் சுகமும் அறிய ஆவல். உறையில் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழிக்காமல் இதுவரை வந்துவிட்டீர்கள் என்றால், தயவுசெய்து கடைசிவரை வந்துவிடுங்கள்.

நம் இரண்டு குடும்பமும் நூறு வருஷமாகக் கோவிலில் ஆளுக்கொரு பக்கம் உட்காருவது யாரால் என்று உங்களுக்குத் தெரியும். என் கொள்ளுத்தாத்தா வேதமாணிக்கத்தால். விக்டோரியா மகாராணி ஜூபிலி வருஷத்தில் அவர் 'ஊர்வாய்' என்ற பத்திரிகை நடத்தி ஊரையே சிரிக்கவைத்தார். சிரிக்காதவர் ஒருவர்தான். அவருடைய சொந்த அண்ணன், உங்கள் கொள்ளுத்தாத்தா ஞானாதிக்கம் உபதேசியார். உபதேசியார் பிரசங்கத்தில் வாராவாரம் ஒரே இடத்தில் அழுவார் என்பதற்காக, ரயில் அட்டவணை மாதிரி 'கண்ணீர் நேரப் பட்டியல்' போட்டார் தம்பி. முதல் கண்ணீர் 9.40, இரண்டாம் கண்ணீர் 9.55, பண்டிகை நாட்களில் விசேஷக் கண்ணீர். அதோடு அண்ணன் தம்பியிடம் பேச்சை நிறுத்தினார், சாகும்வரை பேசவில்லை. அதே வருஷம் தம்பியும் அச்சுக்கூடத்தை இழுத்து மூடினார். ஏன் மூடினார் என்று நம்மில் யாருக்கும் தெரியாது.

நம் ஊர் ஜெர்மன் மிஷனின் அந்தக் காலத்துக் காகிதங்களெல்லாம் இந்த ஊர்க் காப்பகம் ஒன்றில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, 'ஊர்வாய்' ஒரு இதழாவது கிடைக்காதா என்று கிளம்பினேன். "அப்பா, அப்பாயின்ட்மென்ட் இல்லாம உள்ள விட மாட்டாங்க, சண்டே வரைக்கும் வெயிட் பண்ணுங்க, நான் மெயில் போடறேன்" என்றான் அஷ்வின். கேட்டேனா? தனியாக டிராம் ஏறி, தப்பான கட்டடத்துக்குள் நுழைந்தேன். அது முதியோர் இல்லம். புதிதாகச் சேர வந்தவன் என்று நினைத்து என் கோட்டைக் கழற்றி மாட்டி, காபியும் கேக்கும் கொடுத்து, ஜன்னலோரமாக ஒரு கட்டிலையும் காட்டினார்கள். அஷ்வின் ஆபீஸில் பெர்மிஷன் போட்டு ஓடிவந்து மீட்டான். "இன்னும் பத்து நிமிஷம் லேட்டா வந்திருந்தா உங்களுக்கு ரூம் நம்பர் குடுத்திருப்பாங்கப்பா!" கேக் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் முறைப்படி காப்பகத்துக்கே போனோம். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். 'ஊர்வாய்' ஒன்றுகூட இல்லை. ஒரு பாதிரியாரின் காகிதக் கட்டிலிருந்து கொள்ளுத்தாத்தா கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. உங்கள் கொள்ளுத்தாத்தாவிடம் கொடுக்கச் சொல்லிப் பாதிரியாரிடம் கொடுத்தது. "அண்ணா, ஊரைச் சிரிக்கவைக்க நினைத்து உம்மைத் தலைகுனிய வைத்தேன். நம் தாயார் இறந்த வாரமும் நீர் அதே இடத்தில்தான் அழுதீர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பட்டியல் போட்டேன். மன்னியும்."

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை அண்ணா. காப்பக அம்மாள் பதறி ஓடிவந்து, ஆறுதல் சொல்லப்போகிறாள் என்று பார்த்தால், என் முகத்துக்குக் கீழிருந்து கடிதத்தை நகர்த்தினாள். "ஈரம் பட்டா பேப்பர் போயிடுமாம்பா," என்றான் அஷ்வின். மணியைப் பார்த்தேன். பத்து ஐந்து. பட்டியலில் இல்லாத நேரம்.

அந்தக் கடிதத்தின் அடியில் ஒரு பின்குறிப்பு: "இக்கடிதம் எனக்கே மிகத் திருப்தியாக அமைந்துவிட்டபடியால் அடுத்த இதழில் முதற்பக்கத்தில் அச்சிடுகிறேன்." பக்கத்தில் பாதிரியார் பென்சிலால் ஜெர்மனில் இரண்டே வார்த்தை எழுதியிருக்கிறார்: 'கொடுக்க வேண்டாம்.' கொடுக்காமலே தம் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். பதில் வரும் வரும் என்று காத்திருந்துதான் கிழவர் அச்சுக்கூடத்தை மூடியிருக்க வேண்டும்.

அண்ணா, இரண்டு வருஷத்துக்கு முன் உங்கள் மகள் ரூபி கல்யாண வரவேற்பில் என்னை வாழ்த்துரை சொல்லச் சொன்னீர்கள். "அண்ணன் பதினோரு மாப்பிள்ளை பார்த்துப் பன்னிரண்டாவதாகப் பிடித்தவர் இவர்" என்றேன். மண்டபமே சிரித்தது. சம்பந்தி வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதும், மேடையில் ரூபி தலையைக் குனிந்ததும் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் சிரிப்பு அடங்கவில்லை என்று இன்னொன்றும் சொன்னேன். அதை நினைக்காமல் நான் தூங்கியதில்லை. டிசம்பரில் ரூபி குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று கேள்வி. என்னையும் கூப்பிடுங்கள். வாழ்த்துரை வேண்டாம், ஜெபம்கூட வேண்டாம். உங்கள் பக்கத்து பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணியாருக்கு வணக்கம், ரூபிக்கும் குழந்தைக்கும் ஆசீர்வாதம். கொள்ளுத்தாத்தா கடித நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி,
எ. பாக்கியநாதன்

பி.கு. இதை மருமகளுக்குப் படித்துக்காட்டினேன். "மாமா, சூப்பரா எழுதியிருக்கீங்க!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். உடனே சபைப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று நகல் எடுத்தேன். பிறகு வெட்கப்பட்டுக் கிழித்துவிட்டேன். ஆனால் எடுத்தது இரண்டு. ரூபி பற்றிய வரிகளை மட்டும் மை பூசி மறைத்து, மற்றதை நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். இருபத்தைந்தாம் தேதி அச்சுக்குப் போகும். நான் சொன்னால்தான் ஆசிரியர் நிறுத்துவார். அஷ்வின் வீட்டு ஃபோன் நம்பர் உறையின் பின்னால் இருக்கிறது. திட்டுவதற்காகவாவது ஒருதரம் கூப்பிடுங்கள், அண்ணா.